பதின்மூன்றாம் நம்பர் சிவப்புத் தொப்பி

அந்தப் புத்தகம் இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் அரபி. அபுதாபியில் நான் வேலை பார்த்த கிளப்பின் வாட்டர் போலோ அணி எப்படித் தொடங்கியது, வளைகுடா நாடுகளின் கோப்பையை எப்படி வரிசையாக ஜெயித்தது என்கிற வரலாறு. அதை எழுத உதவியவர்களில் நானும் ஒருவன். அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பாதிக் கோபம் மற்றவர்கள்மேல், பாதி என்மேல். எது எந்தப் பாதி என்று பிரிக்க முடிந்ததில்லை.

நான் சாத்தூர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்து ஒரு நூற்பாலையில் மோட்டாரும் பம்பும் பார்த்துக்கொண்டிருந்தவன். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அந்தக் கிளப்பின் நீச்சல் குளத்துக்குப் பம்ப் ஆபரேட்டராகப் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. வேலைக்கு எடுத்தவர்கள் அதைக் கேட்கவும் இல்லை. குளத்தின் சுவருக்கு அந்தப் பக்கம், படியிறங்கிப் போனால் பம்ப் ரூம். வடிகட்டி, குளோரின், தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர், எல்லாம் என் பொறுப்பு. தண்ணீரைக் குளிர வைப்பதுதான் வேலை என்று ஊருக்கு எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் ஜூன் மாதத்தில் சில்லர் ஒரு நாள் நின்றுபோனால் அந்தக் குளத்தில் இறங்குவதும் வெந்நீர் அண்டாவில் இறங்குவதும் ஒன்றுதான்.

அணியின் கோச் செர்பியாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், உடைந்து ஒட்டிய மூக்கு, தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் இருக்க வேண்டும் என்பார். இருபத்தெட்டைத் தொட்டால் பம்ப் ரூம் கதவை உதைத்துக்கொண்டு வருவார். சில்லர் பழசு, புது கம்ப்ரஸருக்கு எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது, மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை என்று நான் சொல்வேன். அவர் என்னையே பார்ப்பார். பிறகு, "மேனேஜர் மஃபி. நீ இருக்கிறாய். நீ செய்," என்பார். மஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். அந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ஸ்கோர் எழுதுகிற வேலையும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. வாட்டர் போலோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆழமான தண்ணீரில் பக்கத்துக்கு ஏழு பேர். கால் தரையில் படக்கூடாது. பந்தை ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், எறிய வேண்டும். கோல்கீப்பர் மட்டும் இரண்டு கையையும் பயன்படுத்தலாம். அவர் தலையில் சிவப்புத் தொப்பி, ஒன்றாம் நம்பர். மாற்றுக் கோல்கீப்பருக்கும் சிவப்புதான், பதின்மூன்று. கரையில் ஒரு மேஜை போட்டு, யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார், யார் தவறு செய்து வெளியேறினார் என்று ஒருவர் கார்பன் வைத்து எழுத வேண்டும். முதல் போட்டியன்று எழுத வேண்டியவர் வரவில்லை. கோச் பம்ப் ரூமுக்கு வந்து, "இங்கிலீஷ் எழுதுவாயா?" என்று கேட்டார். எழுதுவேன் என்றேன். கிரீஸ் கறையோடு கொண்டுபோய் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். அன்று நாங்கள் மூன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றோம். பத்தொன்பது முறையும் நான்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்தேன். பம்ப் ரூம் டியூட்டி போக இது தனி. ஒருவரும் அதை வேலையாக எண்ணவில்லை. ஆனால் ஒவ்வொரு ஷீட்டின் மஞ்சள் நகலையும் நான் ஒரு கோப்பில் போட்டு வைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நூற்பாலையில் லாக் புக் எழுதிப் பழகிய கை, அவ்வளவுதான்.

வெல்டர் வந்தது இரண்டாவது வருடம். கோல் சட்டத்தின் அடிக்குழாய் துருப்பிடித்து விட்டுப்போனது. முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பாம்பன்காரர். முப்பது வயதைத் தாண்டியவர், என்னைவிட எட்டு ஒன்பது வயது இளையவர். ஊரில் இருந்தபோது சங்கு குளிக்கப் போனவர் என்று பிறகு தெரிந்தது. பற்றவைத்து முடித்ததும், சட்டம் தண்ணீரில் நேராக மிதக்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று சட்டையைக் கழற்றிவிட்டு அவரே குளத்தில் இறங்கினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்குக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு பிடியை விட்டுவிட்டு, அப்படியே கையைத் தூக்கியபடி நின்றார். மார்பு வரை தண்ணீருக்கு மேலே இருந்தது. கீழே இரண்டு கால்களும் மாவாட்டுவது போல மாறி மாறிச் சுழன்றுகொண்டிருந்தன.

கோச் கரையில் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பந்தை எடுத்து ஓங்கி அவர் முகத்தைப் பார்த்து எறிந்தார். வெல்டர் இரண்டு கையாலும் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாண்ணே, வேலை சரியில்லைன்னு அடிக்கிறாரா?"

"தெரியலையே தம்பி."

கோச் இன்னொரு பந்தை எறிந்தார். அதையும் தட்டினார். ஆறாவது பந்து வரை போனது. பிறகு கோச் என்னிடம், "இவன் யார்? எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார்.

அணியில் சம்பளத்துக்கு ஆடும் கோல்கீப்பர் ஒருவர்தான். மாற்றுக் கோல்கீப்பர் அபுதாபியிலேயே பிறந்து வளர்ந்த, இந்தி பேசும் குடும்பத்துப் பிள்ளை. மாநிறம், சின்னத் தாடி, நல்ல பையன், ஆனால் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள் வந்தால் அதிசயம். பத்து பேர் கோல் நோக்கி எறிந்து பழக, எதிரில் மாற்றி நிற்க இன்னொரு கோல்கீப்பர் இல்லை. அதனால் வாரம் மூன்று மாலை கோச் தன் காரை எடுத்துக்கொண்டு முசஃபாவில் தொழிலாளர் கேம்ப் கேட்டுக்குப் போவார். பட்டறை உடுப்போடு நிற்கிற வெல்டரை முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்து வருவார். போகும்போதும் அவரே கொண்டுபோய் விடுவார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. "ஜல்தி", "அச்சா", "யல்லா" என்று மூன்று நான்கு சொற்களை வைத்துக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டினார்கள். நீளமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இடையில் நிற்பேன்.

கோச் அவரை அணியில் பதிவு செய்யவும் முயன்றார். அதற்குக் கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், கடிதம் வேண்டும் என்றார் மேனேஜர். மேனேஜர் லெபனான்காரர், எதையும் இல்லை என்று சொல்ல மாட்டார், கடிதம் வேண்டும் என்பார். கோச்சுடன் நானும் பட்டறை முதலாளியிடம் போனேன். அவர் காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி, "அவன் வெல்டர். பந்து பட்டுக் கை உடைந்தால் என் இரும்புக் கேட்டுகளை நீ வந்து பற்றவைப்பாயா?" என்று கோச்சிடம் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் கோச் காரின் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தார். வெல்டரிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன்.

"விடுங்கண்ணே. அவரு சொல்றதும் நெசந்தானே. எனக்குத் தண்ணியில நின்னாப் போதும். ரூமுக்குப் போனா அதே பன்னெண்டு பேரு, அதே டிவி."

நான்காவது வருடம் முதல் முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தோம். குவைத்திலிருந்து வந்த அணி எதிரே. எங்கள் குளம். முந்தைய நாள் அரையிறுதியில் எங்கள் கோல்கீப்பரின் வலது கைச் சுண்டுவிரல் மூட்டு விலகிவிட்டது. டேப் சுற்றி ஆடுகிறேன் என்றார். மாற்றுக் கோல்கீப்பர் உறவில் ஒரு கல்யாணத்துக்கு வெளிநாடு போனவர், விமானம் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதில் பதின்மூன்றாம் நம்பருக்கு நேரே அவர் பெயர் இருந்தது. அவருடைய வீரர் அட்டையும் மேனேஜர் மேஜையில் இருந்தது.

போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் கோச் பம்ப் ரூமுக்கு வந்தார். அன்று கதவை உதைக்கவில்லை. மெதுவாகத் திறந்து, மூடினார். பின்னாலேயே வெல்டர், கிளப்பின் டிராக் சூட்டில், கையில் மாற்றுக் கோல்கீப்பரின் அட்டையோடு.

"பதின்மூன்று இவன்தான்," என்றார் கோச். "நீ எழுதுவாய்."

நான் வெல்டரைப் பார்த்தேன். "உனக்குச் சம்மதமா தம்பி? மாட்டினா விசா போயிடும்."

"ஒண்ணாம் நம்பருக்கு விரல் தாங்கிட்டா நான் எறங்கவே மாட்டேன்ல? சும்மா பெஞ்சில உக்காரப் போறேன்."

மேனேஜருக்குத் தெரியுமா என்று கோச்சிடம் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அட்டை மேனேஜர் மேஜையிலிருந்து எப்படி வந்தது என்று நான் மேலே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நடுவர்கள் அட்டை பார்த்தபோது பதின்மூன்று பேர் தொப்பியோடு வரிசையில் நின்றார்கள். தபால்தலை அளவுப் படம்; வெல்டருக்கும் அதே மாநிறம், அதே சின்னத் தாடி. தாண்டிப் போய்விட்டார்கள்.

மூன்றாவது கால்பகுதியில், ஐந்துக்கு ஐந்து என்று இருந்தபோது, எங்கள் கோல்கீப்பர் ஒரு பந்தைத் தடுத்துவிட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கோச் வெல்டரை நோக்கி விரலை நீட்டினார். வெல்டர் குளத்தில் குதித்தார். நான் ஷீட்டில் மாற்று ஆட்டக்காரர் என்று குறித்து, பதின்மூன்றுக்கு நேரே இருந்த பெயரின் பக்கத்தில் நேரத்தை எழுதினேன். தயக்கமே இல்லாமல்தான் எழுதினேன். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பயந்து எழுதினேன், கட்டாயப்படுத்தினார்கள் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மூன்றுக்குப் பத்தொன்பது எழுதிய கைக்கு ஒரு முறை ஜெயிப்பதை எழுத ஆசை. அவ்வளவுதான்.

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஏழுக்கு ஆறு என்று முன்னிலையில் இருந்தோம். எங்கள் ஆள் ஒருவர் எதிராளியைக் கோலுக்கு முன்னால் இழுத்து அமுக்க, நடுவர் பெனால்டி கொடுத்தார். ஐந்து மீட்டரிலிருந்து எறிவார்கள், கோல்கீப்பர் தனியாக நிற்க வேண்டும். எறிந்தவர் பெரிய ஆட்டக்காரர். வெல்டர் வலப்பக்கம் வரும் என்று நினைத்து இரண்டு கைகளையும் அந்தப் பக்கம் கொண்டுபோனார். பந்து நேராக வந்தது. நெற்றியில் பட்டது. அறைந்த சத்தம் மேஜை வரை கேட்டது. பந்து மேலே எழும்பி, குறுக்குக் குழாயைத் தாண்டிப் பின்னால் விழுந்தது. அதற்குப் பிறகு ஆட்டம் முடிய இருபது வினாடிகூட இல்லை.

எல்லாரும் கோச்சைத் தூக்கித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தபோது வெல்டரைக் காணோம். ஷீட்டில் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு பம்ப் ரூமுக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து என் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றி வீங்கி, பந்தின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன. மேலே கைதட்டல் கேட்டது. மெடல் கொடுக்கிறார்கள்.

"கேமராக்காரங்க இருக்காங்க. முடியிற வரை வெளிய வராதேன்னாரு," என்றார்.

"யாரு, கோச்சா?"

"மேனேஜரு."

மேனேஜரும் இதற்கு உடந்தை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அவர் பட்டறையில் டியூட்டியில் இருந்தார். நெற்றி எப்படி வீங்கியது என்று ஃபோர்மேன் கேட்டதற்கு பைப் இடித்துவிட்டது என்று சொன்னாராம். அந்த வாரம் பத்திரிகையில், பெனால்டியைத் தடுத்த வீரர் என்று மாற்றுக் கோல்கீப்பரின் பெயர் வந்தது. அவர் விமானம் பிடித்து வந்து இறங்கியதே இரண்டு நாள் கழித்துத்தான்.

அதன் பிறகு எங்கள் அணியை யாராலும் பிடிக்க முடியவில்லை. இன்னும் நல்ல வீரர்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். புது சில்லர்கூட வந்தது. கோப்பை வரிசையாக வந்தது. வெல்டரின் பட்டறை ஒப்பந்தம் முடிந்து, வேறு கம்பெனி மூலமாக ருவைஸ் ரிஃபைனரிக்குப் போய்விட்டார். நான்கு மணி நேரப் பயணம், அதனால் பயிற்சிக்கு வர வழியில்லை. கோச்சும் ஒரு நாள் மேனேஜரோடு கத்திச் சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது என் தோளில் ஒரு அடி அடித்தார், அதுதான் விடைபெறுதல்.

மாற்றுக் கோல்கீப்பர் ஆட்டத்தை விட்டு, சொந்தத் தொழில் தொடங்கி, கிளப் கமிட்டியில் உறுப்பினரானார். முதல் வருடம், "நான் எங்கே தடுத்தேன், விமான நிலையத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்று அணிக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அடுத்த வருடம் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் புதிதாக வந்த வீரர்களுக்குக் கையை விரித்து, எப்படிப் பாய்ந்தேன் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வரலாறு எழுதும் யோசனை வந்தது. மேனேஜர் ஒரு விளம்பரக் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தார். பம்பாயைச் சேர்ந்த ஒரு பெண் வந்தார். கிளப்பின் ஆபீஸில் பழைய தாள் ஒன்றுகூட இல்லை. அலுவலகம் இரண்டு முறை இடம் மாறியபோது எல்லாம் போய்விட்டது. யாரோ என் கோப்பைப் பற்றிச் சொல்ல, அவர் பம்ப் ரூம் படியிறங்கி வந்தார். மஞ்சள் நகல்களைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நல்ல பெண். ஒவ்வொரு ஷீட்டையும் பொறுமையாகப் பார்த்து, கேட்டுக் கேட்டு எழுதினார். முதல் முறையாக என்னிடம் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார் என்பதில் எனக்கும் சந்தோஷம்தான்.

எரிச்சல் சீக்கிரமே ஆரம்பித்தது. முதல் போட்டியின் கணக்கை அவர் எழுதிக் கொடுத்ததை மேனேஜர் அடித்துவிட்டார். "இது கொண்டாட்டப் புத்தகம். தோல்வி எதற்கு?" நான் போய்ப் பேசினேன். மூன்றுக்குப் பத்தொன்பது தோற்ற அணி நான்கு வருடத்தில் கோப்பை வாங்கியது என்றால்தானே பெருமை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அச்சில், முதல் ஆண்டு கற்றுக்கொள்ளும் ஆண்டாக அமைந்தது என்று ஒரு வரி வந்தது. சில்லர் நின்றுபோய், முப்பத்து மூன்று டிகிரித் தண்ணீரில் ஒரு மாதம் பயிற்சி செய்து இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் போயிற்று. கோச்சுக்கு ஒரு பத்தி, அதுவும் பெயரில் எழுத்துப் பிழையோடு.

பிறகு அந்தப் பெண் இறுதிப் போட்டி ஷீட்டை எடுத்தார்.

"இந்தப் பதின்மூன்றாம் நம்பர், இப்போது கமிட்டியில் இருக்கிறாரே, அவரிடம் நேற்றுப் பேசினேன். இடது பக்கம் பாய்ந்து, இடது கை விரல் நுனியால் பெனால்டியைத் தட்டினேன் என்றார். நீங்கள் மேஜையில் இருந்தீர்கள் அல்லவா?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. பொய் சொல்கிறார் என்பதுகூட அந்த நேரத்தில் என்னை அவ்வளவு தாக்கவில்லை. அந்தப் பொய்யையும் தப்பாகச் சொல்கிறாரே என்றுதான் தாங்க முடியவில்லை.

"இடது கையும் இல்லை, விரலும் இல்லை," என்றேன். "கை ரெண்டும் வலப்பக்கம் போச்சு. பந்து நெற்றியில் பட்டு மேலே போனது. சத்தம் மேஜை வரைக்கும் கேட்டது. பந்தின் வரி நெற்றியில் பதிந்திருந்தது."

அவர் பேனாவை நிறுத்தாமல் எழுதினார். "அருமை. அவர் அடக்கத்தில் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்," என்றார்.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். விசா, அட்டை, ஷீட்டில் என் கையெழுத்து, அணி கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வருமோ, எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டேன். அவர் நன்றி சொல்லிப் படியேறிப் போய்விட்டார்.

அன்று மாலையே ருவைஸுக்கு ஃபோன் செய்தேன். வெல்டர் ரூமில்தான் இருந்தார். விஷயத்தைச் சொல்லி, உண்மையை எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்தப் பேரை எழுதுனது யாருண்ணே?"

"நான்தான்."

"நாலு வருசமா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? பொஸ்தகம் போடுறாங்கன்ன உடனே இப்ப என்னா?"

"தப்புதான் தம்பி. அதனாலதான் கேக்குறேன்."

"நான் வேணும்னா என்னா செய்வீங்க, வேணாம்னா என்னா செய்வீங்க? வேணும்னா கப்பு போவும். தண்ணியில கெடந்து கஷ்டப்பட்ட மத்த பசங்க என்னா பாவம் பண்ணுனாங்க? வேணாம்னா நானே சொல்லிட்டேன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. என்னைய எதுக்குண்ணே இதுல இழுக்குறீங்க?"

ஃபோனை வைத்துவிட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் போட்டியில் பதின்மூன்றாம் நம்பராக இறங்கியது யார் என்று உங்களுக்குத் தெரியும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எல்லாருக்கும் தெரியும், நண்பா. கலாஸ், முடிந்துபோன விஷயம்," என்றார். "குவைத்காரர்களுக்குக்கூடத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ மட்டும்தான் அதை ரகசியம் என்று வைத்துக்கொண்டிருக்கிறாய்." பிறகு வடிகட்டியின் பேக்வாஷ் வால்வு கசிகிறதாமே, பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லி எழுந்து வந்தேன். வால்வையும் பார்த்தேன்.

புத்தகம் வந்தது. ஹோட்டலில் விழா. எனக்கு அழைப்பில்லை. அந்தப் பெண் எனக்கென்று எடுத்துவைத்த பிரதியை டிரைவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். இறுதிப் போட்டிக்கு மட்டும் நான்கு பக்கம். நெற்றி, சத்தம், பதிந்த வரிகள், எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. மாற்றுக் கோல்கீப்பரின் படம் முழுப்பக்கத்துக்கு.

இரண்டு வாரம் கழித்து மாற்றுக் கோல்கீப்பரே குளத்துப் பக்கம் வந்தார். கோட்டும் சூட்டுமாக வந்தவர், பம்ப் ரூமின் ஈரப் படியில் கவனமாக இறங்கினார்.

"நெற்றியை நீதான் சொன்னாயாமே," என்றார் இந்தியில். "நன்றி பாய். கையால் தடுத்தேன் என்று சொல்லும்போதெல்லாம் யாராவது பார்த்தவன் இருந்தால் என்று உள்ளுக்குள் பயம். இப்போது அந்தப் பயம் இல்லை."

கிண்டலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். நான் அவரைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இன்று நிம்மதியாக இருந்திருக்கும். "பரவாயில்லை சார்," என்றேன். அந்த வார்த்தை நினைவுக்கு வரும்போதெல்லாம் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு ருவைஸுக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால் சரியான பதில் கிடையாது. கேம்ப் வாசலில் வெல்டர் நின்றார். முகம் கொடுத்துப் பேசினார், ஃபோனில் பேசியதைப் பற்றி ஒன்றும் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டோம். பிறகு கட்டிலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பழைய வீரர்களின் படங்களைப் பார்த்து, இவன் இடது கைக்காரன், இவன் எறியும்போது நாக்கைத் துருத்துவான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் வந்தது. விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நெத்தின்னு யாரு சொன்னா?"

"நான்தான்."

"அவன் பேருக்கா?"

"அவன் கையில பட்டதுன்னு சொல்லியிருந்தான். தப்பா இருந்துச்சேன்னு..."

"தப்பாவே இருந்திருக்கட்டுமேண்ணே," என்றார். குரல் உயரவில்லை. "கையின்னு இருந்தா அது வேற ஆளு, வேற கதை. என் நெத்திய எடுத்து அவனுக்கு ஒட்டிட்டீங்களே."

அவர் புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தார். இடம் இல்லை, ரூமில் எட்டுப் பேர் என்றார்.

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். வெயில் தாங்காமல் ஒரு கடை நிழலில் நின்றோம். பஸ் வரும் நேரத்தில், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மனைவியின் தம்பி, இருபத்தேழு வயது, விசிட் விசாவில் வந்து இரண்டு மாதமாக அலைகிறான், நன்றாக நீந்துவான், கிளப்பில் லைஃப்கார்டு வேலை இருக்குமா என்று. கேட்கிறேன் என்றேன். கேட்டேன். ஆச்சரியம், மேனேஜர் கடிதம்கூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். யாருடைய உறவு என்று நான் சொன்னதும் ஒரு கணம் என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

வெல்டரின் மச்சான் கலகலப்பானவன். என்னை மாமா என்று கூப்பிட்டான். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அணி வீரர்களெல்லாம் அவனுக்குச் சிநேகிதம். ஒரு நாள் மதியம் குளோரின் அளவு பார்க்க எனக்கு உதவிக்கொண்டிருந்தவன், கமிட்டிக்காரர்கள் கரையில் நடந்து போவதைக் காட்டி, "மாமா, அந்த சூட்டு போட்டவர் தெரியுமா? ஃபைனல்ல பெனால்டிய நெத்தியாலயே தடுத்தவராம்," என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இல்லை, உன் அக்காள் புருஷன் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், முசஃபாவிலிருந்து கோச் காரில் கூட்டி வந்ததிலிருந்து. இத்தனை வருடத்தில் ஒருவரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு சிரித்தான்.

"அத்தானா? அவரு வெல்டருல்ல மாமா. எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே."

கேட்டுப் பார் என்றேன். என் எதிரிலேயே ஃபோன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டான். வெல்டரின் குரல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணன் உன்கிட்ட வெளாடுறாரு. நான் கோல் கம்பிக்கு வெல்டிங் போட வந்தவன். டியூட்டில இருக்கேன், வை," என்றார்.

மச்சான் என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகை செய்தான். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்பது போல. அன்றிலிருந்து, நான் ஆட்டத்தைப் பற்றி எது சொன்னாலும் அவன் அப்படித்தான் கேட்டுக்கொண்டான். வெல்டர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் மாதிரி வேறு யார் மேலும் வந்ததில்லை. அதற்கு எனக்கு உரிமை கிடையாது என்பதும் தெரியும். மேஜையில் உட்கார மாட்டேன் என்று அந்த மாதமே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. அடுத்த போட்டிக்கு மச்சானைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.